கடனைக் கட்டும் வீடு

காஞ்சிபுரத்திற்கும் வாலாஜாபாத்துக்கும் இடையில், முத்தியால்பேட்டைக்கு அருகில் இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டு நெசவை நம்பி வளர்ந்த ஊர். இங்குள்ள பழைய வீடுகளின் முன்கூடம் விருந்தினருக்காகக் கட்டப்பட்டதன்று, தறிக்காகக் கட்டப்பட்டது. கூடத்தின் தரையில் தறிக்குழி, மேலே உத்தரத்தில் கயிறுகள், பின்புறம் குடும்பம் புழங்கும் ஓரிரு அறைகள் என்பதே அந்த வீடுகளின் அமைப்பு. பிள்ளைகள் தறியில் உட்காராமல் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குச் செல்லத் தொடங்கிய பிறகு, பல கூடங்களில் குழி மூடப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் தடுப்புச் சுவர் எழுந்து, வாசலில் 'வீடு வாடகைக்கு' என்ற பலகை தொங்குகிறது.

இந்த ஊரைச் சேர்ந்தவன் என்பதாலும், வங்கி ஒன்றின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதாலும், என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "மாடியில் இரண்டு போர்ஷன் கட்டிவிட்டால், வரும் வாடகையே கடனை அடைத்துவிடும் அல்லவா?" என்பதே அது. அடைக்கும் என்றும் சொல்லலாம், அடைக்காது என்றும் சொல்லலாம். கடன் எவ்வளவு, மனை யாருடையது, வீடு காலியாக இருக்கும் மாதங்களில் தவணையை எந்த வருமானத்திலிருந்து கட்டுவது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே எதையும் சொல்ல முடியும். வாடகை வீடு என்பது மாதந்தோறும் பணம் தரும் மரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது முதலில் ஒரு கடன். அந்தக் கடனைத் தாங்கும் அளவுக்கு மட்டுமே அது ஒரு வருமானம். இதை எண்களால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாடகைக்கு ஆள் கிடைப்பார்களா என்ற ஐயம் இந்த வட்டாரத்தில் பெரிதாக இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என மின்னணு ஆலைகளும் உதிரிபாக ஆலைகளும் பெருகின. வண்டலூர்-வாலாஜாபாத் சாலை இந்தத் தொழிற்பேட்டைகளை நம் பக்கத்துக்கு நெருக்கமாக்கிவிட்டது. ஆலைக்கு அருகிலுள்ள ஊர்களில் வாடகை ஏறும்போது, நிறுவனப் பேருந்து நிற்கும் தூரத்து ஊர்களையும் தொழிலாளர்கள் தேடி வருகிறார்கள். ஆகவே தேவை உண்மையானது. ஆனால், தேவை இருக்கிறது என்பதும் கடன் அடையும் என்பதும் ஒன்றல்ல.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கணக்குக்கு வசதியாக முழு எண்களைக் கொள்கிறேன். வாசகர்கள் தங்கள் ஊரின் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சொந்த மனையில், சொந்த வீட்டின் மேல், தலா 450 சதுர அடியில் இரண்டு போர்ஷன் கட்டுவதாகக் கொள்வோம். சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் ஏறத்தாழ 20 லட்சம் ரூபாய் செலவாகும். ஒவ்வொன்றுக்கும் மாத வாடகை 6,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் வரும். இந்தத் தொகையை அப்படியே வருமானமாகக் கருதுவதில்தான் பெரும்பாலானோரின் கணக்கு பிழைக்கிறது. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள், வெள்ளையடித்து, குழாய் மாற்றி, பலகை தொங்கவிட்டுக் காத்திருக்கும் காலம் உண்டு. அதற்கு ஆண்டுக்கு ஒரு மாத வாடகையைக் கழிக்க வேண்டும். வீட்டு வரி, மோட்டார் பழுது, மழைக்காலக் கசிவு ஆகியவற்றுக்கு இன்னொரு 12,000 ரூபாயைக் கழித்தால் மீதி 1,20,000 ரூபாய். அதாவது, பலகையில் மாதம் 12,000. கையில் மாதம் 10,000.

இப்போது கடனைப் பார்ப்போம். ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் கடன் வாங்கினால் மாதத் தவணை 10,143 ரூபாய். ஆக, மேற்சொன்ன இரண்டு போர்ஷனும் சேர்ந்து தாங்கக்கூடிய கடன் ஏறத்தாழ 10 லட்சம். அதாவது கட்டுமானச் செலவில் பாதி. அந்தப் பாதியைத் தாண்டி 16 லட்சம் வாங்கினால் தவணை 16,228 ரூபாய் ஆகும். மாதந்தோறும் 6,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்திலிருந்தோ நெசவுக் கூலியிலிருந்தோ போட்டாக வேண்டும். 'வாடகையே கடனை அடைக்கும்' என்ற நம்பிக்கை அங்கே முடிந்துவிடுகிறது.

இதே இரண்டு போர்ஷனைப் புதிதாக மனை வாங்கிக் கட்டுவதாக இருந்தால் கணக்கு இன்னும் கடுமையாகும். மனை 18 லட்சம் என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து 1,62,000 ரூபாய். மொத்த முதலீடு 39 லட்சத்தைத் தாண்டுகிறது. நிகர வாடகையோ அதே 1,20,000. முதலீட்டின் மீது கிடைப்பது 3 விழுக்காடு. கடனுக்குக் கொடுப்பது 9 விழுக்காடு. வித்தியாசத்தை மனையின் விலை உயர்வு ஈடுகட்டும் என்று சொல்வார்கள். பரந்தூரில் புதிய விமான நிலையம் என்ற அறிவிப்பு 2022 ஆகஸ்டில் வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் அந்தப் பேச்சு இன்னும் உரத்துக் கேட்கிறது. மனை விலை உயரலாம். ஆனால், விலை உயர்வைக் கொண்டு மாதத் தவணையைக் கட்ட முடியாது. மனையை விற்றால்தான் அது பணமாகும். விற்பதற்காக வாங்குவது வேறு தொழில். வாடகைக்காகக் கட்டுவதை அதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

எனவே, எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு என் விடை எளிது: ஏற்கெனவே சொந்தமாக உள்ள மனையில், பாதிப் பணம் கையில் சேர்ந்த பிறகு, ஒரே ஒரு போர்ஷனாக இருந்தாலும் அதிலிருந்து தொடங்குவது. அந்தப் பணத்தை எங்கே திரட்டுவது என்பது அடுத்த கேள்வி.

வங்கி வீட்டுக் கடனே இருப்பதில் மலிவானது. 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனில், சொத்தின் மதிப்பில் 90 விழுக்காடு வரை கொடுக்க ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது. வங்கி தரக்கூடிய உச்ச வரம்பு அது. வாங்க வேண்டிய தொகை அன்று. கூலிக்கு நெய்பவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. எனவே ஆலையில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ இணைக் கடனாளியாகச் சேர்க்கச் சொல்வார்கள். அப்படிச் சேரும் பிள்ளை, நாளை தனக்கென வீடு வாங்க முனையும்போது இந்தக் கடனும் அவர் கணக்கில் நிற்கும் என்பதை வீட்டில் எல்லோரும் கலந்து பேசிய பிறகே கையெழுத்து போட வேண்டும். கடன் தொகை ஒரே நாளில் கைக்கு வராது. அடித்தளம், சுவர், தளம் என்று வேலை நடக்க நடக்கத் தவணையாக வரும். கட்டி முடியும் வரை வாடகை வராது. பெற்ற தொகைக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே, முதலில் கைப்பணத்தைச் செலவிட்டுப் பின்னர் கடனைத் தொடுவது நல்லது.

வட்டியும் நிலையானதன்று. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்படுகின்றன. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 விழுக்காடு ஆனது. பத்து மாதத்துக்குள் இரண்டரை விழுக்காடு ஏற்றம். 10 லட்சம் ரூபாய்க் கடனில் 7 விழுக்காட்டு வட்டிக்கு 8,988 ரூபாயாக இருக்கும் தவணை, 9.5 விழுக்காட்டில் 10,442 ரூபாய் ஆகிறது. வங்கிகள் வழக்கமாகத் தவணையை உயர்த்துவதில்லை, ஆண்டுகளை நீட்டிவிடுகின்றன. கடனாளிக்கு வலி தெரியாது. ஆனால் கடன் முதுமைக்குள் நீளும். இன்றைய வட்டியோடு இரண்டு விழுக்காடு கூட்டிக் கணக்குப் போட்டும் தாங்குமா என்று பார்ப்பது முன்யோசனை. மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் தனிநபரிடம் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்ற விதி 2012 முதல் இருக்கிறது. போனஸ் வரும் மாதத்தில் அசலில் சிறிது கழிப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

வங்கிக்குப் போகாமல் பணம் திரட்டும் வழியாக நம் பகுதியில் பரவலாக உள்ளது போக்கியம். சென்னையில் இதையே 'லீஸ்' என்பார்கள். தென் மாவட்டங்களில் ஒத்தி. குடியேறுபவர் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகையின்றி இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருப்பார். வெளியேறும்போது தொகை முழுவதும் திரும்பத் தரப்பட வேண்டும். வட்டியில்லாப் பணம் என்று வீட்டுக்காரர்கள் இதை விரும்புகிறார்கள். உண்மையில் இதற்கும் வட்டி உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மாதம் 5,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீட்டை 5 லட்சத்துக்குப் போக்கியம் விட்டால், இழப்பது ஆண்டுக்கு 60,000 ரூபாய். அதாவது 12 விழுக்காடு வட்டி. வங்கிக் கடனைவிட இது விலை அதிகம். அதைவிட முக்கியமானது, அசல் சிறுகச் சிறுகக் கரைவதில்லை. குடியிருப்பவர் போகும் நாளில் 5 லட்சமும் மொத்தமாக வேண்டும். அதே தொகையோடு அடுத்தவர் வராவிட்டால், கந்துவட்டிக்குத்தான் ஓட வேண்டியிருக்கும்.

போக்கியம் கொடுத்துக் குடியேறுபவருக்கும் இடர் உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி இது அனுபவ பாத்தியத்தோடு கூடிய அடமானம். 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். நடைமுறையில் ஒரு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, வீட்டுக்காரர் தவணை கட்டத் தவறினால், வங்கியின் உரிமையே முந்தும்; குடியிருப்பவரின் சேமிப்பு நடுத்தெருவில் நிற்கும். வங்கிக் கடனில் கட்டிய போர்ஷனை வங்கியின் இசைவின்றிப் போக்கியம் விடுவது இரு தரப்புக்கும் தீங்கு.

நகைக் கடன் குறுகிய காலத் தேவைக்கானது. பதினைந்து ஆண்டுகளில் பணம் திரும்பும் கட்டடத்துக்கு அதைப் போட்டால், ஆண்டுதோறும் திருப்பி வைப்பதிலேயே நகை தேய்ந்துவிடும். மேல்தளம் பூசும் கட்டத்தில் குறையும் சிறு தொகைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். சீட்டு சேர்வதானால், 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று பார்த்துச் சேர வேண்டும். அதுவும் கட்டுவதற்கு முன் சேமிக்கும் வழியாக இருக்கலாமே தவிர, கட்டத் தொடங்கிய பின் எப்போது ஏலம் எடுப்பது என்று தவிக்கும் வழியாக இருக்கக் கூடாது.

இனி, இவற்றுள் மிகவும் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். மாடியில் கட்டும் போர்ஷனுக்காக வங்கியில் வைப்பது மாடியின் பத்திரத்தை அன்று. அந்த மனை முழுவதின் பத்திரத்தை. கீழே குடும்பம் வாழும் வீடும் தறியும் அந்த அடமானத்துக்குள் வந்துவிடுகின்றன. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன் பின், சர்ஃபாசி எனப்படும் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 60 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்பிவிட்டு, வழக்குத் தொடராமலேயே சொத்தை வங்கி தன் வசம் எடுத்துக்கொள்ளலாம். கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடும் உரிமை உண்டு. ஆனால் அந்த நிலைக்குப் போன குடும்பம் எதுவும் நிம்மதியாக மீண்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. நெசவாளர் குடும்பத்துக்கு அந்த வீடே சேமிப்பு, அதுவே தொழிற்கூடம், அதுவே முதுமைக்கான பிடிமானம். ஆறு மாதம் இரண்டு போர்ஷனும் பூட்டிக் கிடந்தாலும் தவணையைக் கட்ட முடியும் என்ற நிலை இருந்தால்தான் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஆறு மாதத் தவணைக்கான தொகை வைப்புக் கணக்கில் தனியாக இருப்பது நலம்.

ஆறு மாதம் பூட்டிக் கிடக்குமா என்று கேட்பவர்களுக்கு நம் வட்டாரத்தின் அண்மை வரலாறே விடை சொல்லும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது; ஆயிரக்கணக்கானோர், குறிப்பாக இளம்பெண்கள், வேலைக்கு வந்தார்கள்; சுற்றிலும் வாடகை அறைகள் முளைத்தன. 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022-இல் மூடியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். இந்த நிகழ்வுகளுக்கெல்லாம் நம் தெருவில் எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அவற்றின் விளைவு நம் தெருவின் பூட்டிய கதவில் தெரிந்தது. ஒரே ஆலையை நம்பிக் குடியிருப்பவர்களைச் சேர்ப்பது, ஒரே பாவில் எல்லா நூலையும் போடுவதைப் போன்றது.

அரசும் இப்போது இந்தத் துறையில் இறங்கியிருக்கிறது. வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைக் கட்டியது; 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. தொழிலாளர்களுக்கு இது வரவேற்கத்தக்க மாற்றம். அறைக்கு எட்டுப் பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய வீட்டுக்காரர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை. இனிக் கட்டுபவர்கள் படுக்கைக் கணக்கில் கட்டாமல் குடும்பங்களுக்காகக் கட்டுவது அறிவுடைமை. குடும்பம் குடியேறினால் பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும் வரையாவது நிற்கும். காலி மாதங்கள் குறையும். நம் ஊரின் பள்ளிகளும் பேருந்து வசதியும், காஞ்சிபுரத்தின் மருத்துவமனைகளும் கோயில்களும் குடும்பங்களை ஈர்ப்பவை. ஒண்டுக்குடித்தனத்தைத் தனி வாசல், தனிக் கழிப்பறை, தனி மின் இணைப்பு கொண்ட சிறு வீடாக உயர்த்திக் கட்டுவதற்கு ஆகும் கூடுதல் செலவு, நிலைத்து நிற்கும் குடும்பங்களால் திரும்பி வந்துவிடும்.

கட்டத் தொடங்குவதற்கு முன் பத்திரங்களை மேசையில் பரப்பிப் பார்க்க வேண்டும். பழைய தெருக்களில் மனை தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். பட்டாவில் நான்கு பெயர் இருக்கும். பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்திருக்கும். வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் பட்டாவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் எந்த வங்கியும் கடன் தராது. பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-இலேயே வழங்கியது. 2005-இல் அது நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. 'அக்காவுக்குத்தான் சீர் செய்தாயிற்றே' என்ற வாதம் வங்கியிலும் செல்லாது, நீதிமன்றத்திலும் செல்லாது. உடன்பிறந்தவர்களோடு உட்கார்ந்து பேசி, பதிவு செய்த பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பெற்ற பிறகு கட்டுவதே உறவுக்கும் நல்லது, கடனுக்கும் நல்லது. புதிதாக மனை வாங்குபவர்கள் அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பார்க்க வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் விதித்த தடையும், 2017-இல் வந்த வரன்முறைத் திட்டமும் எத்தனையோ குடும்பங்களின் பணத்தை ஆண்டுக்கணக்கில் முடக்கியதை நாம் மறக்கலாகாது. பெண்களின் பெயரில் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை சொத்து வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைக்கும் சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

கட்டட அனுமதி முன்பைப் போல் தொல்லையானதன்று. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு, சுயசான்றின் அடிப்படையில் இணையவழியில் உடனடியாக அனுமதி பெறும் திட்டத்தை அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. பழைய சுவரின் மேல் மாடி எழுப்புபவர்கள் அனுமதியோடு நில்லாமல், அந்தச் சுவரும் அடித்தளமும் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்பதை ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். தறிக் கூடத்துக்காக ஓட்டுக் கூரையைத் தாங்க எழுந்த சுவர், கான்கிரீட் தளத்தையும் மாடியையும் தாங்கும் என்று கொத்தனார் சொல்வதை மட்டும் நம்பிவிடக் கூடாது.

வருமான வரியைப் பற்றிய அச்சம் பலருக்கு உண்டு. அது பெரும்பாலும் தேவையற்றது. வாடகையிலிருந்து கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்கென்று, ரசீது ஏதும் கேட்காமல், சட்டமே கழித்துவிடுகிறது. அதன் பின் கடன் வட்டியைக் கழிக்கலாம். நம் எடுத்துக்காட்டில் ஒரு மாதம் காலி போக வாடகை 1,32,000. வீட்டு வரி 4,000 என்றால் மீதி 1,28,000. அதில் 30 விழுக்காடு போக 89,600. 10 லட்சம் கடனுக்கு முதல் ஆண்டு வட்டி ஏறத்தாழ 88,600. வரிக்குரிய வருமானம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்தான். ஆண்டுகள் செல்லச் செல்ல வட்டி குறையும், வரிக்குரிய தொகை கூடும். பழைய வரிமுறையில் இருப்பவர்கள், வட்டி மிகுந்து நட்டம் வந்தால் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய வரிமுறையில் அப்படிக் கழிக்க இயலாது. வரி ஏதும் வராவிட்டாலும் வாடகையைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்வது நல்லது. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு அடுத்த கடனுக்கான வருமானச் சான்று அதுவே.

குடியேறுபவரோடு எழுதும் ஒப்பந்தத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது அது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் இன்னொரு கூறு. பத்து மாத முன்பணத்தை வாங்கிச் சிமெண்டுக்குச் செலவழித்துவிட்டு, குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் 'அடுத்தவர் வந்தால் தருகிறேன்' என்று இழுத்தடிப்பது கடன்களிலேயே கேடான கடன். முன்பணம் நம்முடையதன்று, திருப்பித் தர வேண்டியது என்ற எண்ணம் வேண்டும். மின் கட்டணத்தில் இலாபம் பார்ப்பது, விருந்தினர் வந்தால் கணக்குக் கேட்பது, ஊர் மொழி பேசாதவர் என்பதற்காகக் கூடுதல் வாடகை சொல்வது ஆகியவை அறமும் அல்ல, நீண்ட காலத்தில் இலாபமும் அல்ல. நல்ல குடித்தனக்காரர் ஓராண்டு கூடுதலாகத் தங்கினால் மிச்சமாகும் தொகை, இப்படிச் சுரண்டிச் சேர்ப்பதைவிட அதிகம்.

இத்தனை கட்டுப்பாட்டோடு, பாதிக் கைப்பணம் போட்டு, பதினைந்து ஆண்டு வாடகையை வங்கிக்கே கொடுத்துவிட்டு, கடைசியில் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த 10 லட்சம் கைப்பணத்தை வங்கியில் 6.5 விழுக்காட்டில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 65,000 ரூபாய் வட்டி வந்திருக்கும். அதை இழக்கிறோம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உடனடி வருமானம் தேவைப்படுபவருக்கும், அறுபதை நெருங்கியவருக்கும் வாடகை வீட்டுக் கடன் ஏற்றதன்று. அவர்களுக்கு வைப்புத் தொகையும் அஞ்சலகச் சேமிப்புமே நிம்மதி தரும். நாற்பதுகளில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. 12,000 ரூபாய் வாடகை ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்ந்தால், கடன் முடியும் ஆண்டில் அது 21,600 ரூபாயாக இருக்கும். கூலி நெசவாளிக்கு நிறுவன ஓய்வூதியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கண்பார்வை மங்கி, தறியில் உட்கார முடியாத வயதில் மாதந்தோறும் வரும் அந்தத் தொகை, விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஓய்வூதியம். வாடகை வீட்டின் உண்மையான பயன் அதுவே என்று நான் கருதுகிறேன்.

ஓடும் தறியை நிறுத்திவிட்டுக் கூடத்தை வாடகைக்கு விடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். தறி ஓய்ந்த கூடம் வேறு. ஓடும் தறி வேறு. கூடத்துக்குக் கிடைக்கும் வாடகை மாதம் சில ஆயிரம்; அதற்குக் கைத்திறனுள்ள ஒருவரின் மாதக் கூலியை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது. மேலும், மூடிய குழியைத் திரும்பத் தோண்டியவர்கள் குறைவு. நெய்ய ஆள் இருக்கும் வரை தறி கீழே இருக்கட்டும். வாடகை மாடியிலிருந்து வரட்டும்.

கடன் வாங்கும் முன் ஒரு தாளை எடுத்து ஐந்து எண்களை எழுதிப் பாருங்கள்: ஒரு மாதம் காலி என்று கழித்த வாடகை, ஆண்டுச் செலவு, இரண்டு விழுக்காடு கூட்டிய வட்டியில் தவணை, ஆறு மாதத் தவணைக்கான கையிருப்பு, கடன் முடியும்போது உங்கள் வயது. இந்த ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் வாடகை வீடு கடனைக் கட்டும். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் மூன்று ஆண்டு சேமித்துவிட்டுக் கட்டுங்கள். மனை எங்கும் போய்விடாது. அவசரப்பட்டு அடமானம் வைத்தால்தான் போகும்.